ஈரச் சாலையும் இரப்பர்ச் சக்கரமும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் விளாத்திகுளம் வட்டாரத்தில் இரண்டு வகை வழுக்கலைக் காணலாம். ஒன்று கரிசல் தரையின் வழுக்கல். கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. சீட்டுக்கட்டைப் போல் அடுக்கடுக்காக அமைந்த இதன் மெல்லிய ஏடுகளுக்கிடையே நீர் புகுந்துகொள்கிறது. மண் உப்புகிறது, அழுத்தினால் பசைபோல் நழுவுகிறது, நடந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு காலைக் கனக்கச் செய்கிறது. இந்த வழுக்கல் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஊரார் அஞ்சி, கால் ஊன்றி நடக்கிறார்கள்.

மற்றொன்று தார்ச்சாலையின் வழுக்கல். இது கண்ணுக்குத் தெரிவதில்லை. எட்டயபுரம் வழியே மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் நான்கு வழிச் சாலையிலோ, வேம்பார், வைப்பார், குளத்தூர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மழை நாளில் நின்று பாருங்கள். சாலை கருமையாக, உறுதியாக, சற்றே பளபளப்பாகத் தெரியும். கார்கள் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் நீரைச் சிதறடித்துக்கொண்டு செல்லும். அந்தக் கார்களைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது எது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார். ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோகிராம். டயரில் 30 பவுண்டு காற்று இருக்கிறது. அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு; நம் அளவையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம். முந்நூறை 2.1 ஆல் வகுத்தால் 143 சதுர சென்டிமீட்டர் வருகிறது. பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம் என்று வைத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை. காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் இந்த நான்கு உள்ளங்கைகள்தாம். இவற்றுக்கும் சாலைக்கும் இடையே நீர் புகுந்தால் என்ன ஆகும், அதைத் தடுக்க மனிதன் என்னென்ன செய்தான் என்பது நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு. டயர் வாங்கக் கடைக்குப் போகிறவருக்கு இந்த வரலாறு பயன்படும்.

கட்டை வண்டியின் காலம்

நம் முன்னோரின் கட்டை வண்டிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா. அது குறுகலானது, சுமையோ மிகுதி. அதனால் பட்டா தரையை அழுத்தும் அழுத்தம் மிக அதிகம். காளைகளின் வேகமோ மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். சக்கரத்தின் அடியிலுள்ள நீர் விலகி ஓடுவதற்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்தது. கற்சாலையில் வண்டி நீர்மேல் வழுக்கிய கதையே இல்லை. அதன் பகை வேறு: கரிசல் காட்டில் இறங்கினால் அதே குறுகிய பட்டா கத்தியைப் போல் மண்ணை அறுத்துக்கொண்டு அச்சுவரை புதைந்துவிடும். பிற்காலத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய 'டயர் வண்டி' நம் ஊர்களில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அகன்ற டயர் சுமையைப் பரப்பித் தாங்கியது. காளைகளின் கழுத்துக்கும் ஓய்வு கொடுத்தது.

காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணிப் பார்த்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845ஆம் ஆண்டில், தமது 23ஆம் வயதில், அதற்கு உரிமம் பெற்றார். இரப்பர் பூசிய கித்தான் குழாயைத் தோல் உறைக்குள் வைத்துச் சக்கரத்தில் பொருத்திக் குதிரை வண்டியை ஓட்டிக் காட்டினார். வண்டி ஓசையின்றி ஓடியது. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. தாம்சன் மனம் தளராமல் பின்னாளில் தடித்த கெட்டி இரப்பர் வளையம் பூட்டிய நீராவிச் சாலை எந்திரங்களைச் செய்தார். அவற்றை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் கிராம்ப்டன் என்ற ஆங்கிலப் படை அலுவலர். 1870களின் தொடக்கத்தில் பஞ்சாபில், கிராண்ட் டிரங்க் சாலையில், தண்டவாளமே இல்லாமல் பெட்டிகளை இழுத்துச் சென்றன அந்த எந்திரங்கள். இந்தியச் சாலையில் இரப்பர்ச் சக்கரம் பதித்த முதல் தடங்களில் ஒன்று அது. இந்தக் கிராம்ப்டனே பிற்காலத்தில் மின்பொறித் துறையில் பெயர் பெற்றவர். மின்விசிறியில் நீங்கள் பார்க்கும் பெயர் அவருடையதுதான்.

மொட்டையாகப் பிறந்த டயர்

தாம்சனை உலகம் மறந்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுக் குழாயை மறுபடியும் கண்டுபிடித்தார். அவருடைய உரிமம் தாம்சனின் பழைய உரிமத்தால் செல்லாமற்போனது. ஆயினும் தொழில் நின்றது. 1895இல் பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய மோட்டார் காரை ஓட்டினர். பஞ்சருக்கு மேல் பஞ்சர் ஆயிற்று. ஆனாலும் மோட்டார் காருக்கும் காற்று டயர் பொருந்தும் என்பது நிலைநாட்டப்பட்டது.

அந்நாளைய டயர் எப்படி இருந்திருக்கும்? நிறம் கறுப்பன்று, வெளிறியது. மேற்பரப்பில் ஒரு கோடு, ஒரு பள்ளம் கிடையாது. மொட்டையாகவே பிறந்தது. வறண்ட சாலையில் இது குறையே அன்று. வழவழப்பான இரப்பர் சாலையோடு முழுமையாகப் பொருந்துவதால் பிடிமானம் கூடும். சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் நடந்த கார்ப் பந்தயங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பந்தயக் கார்களில் பள்ளமே இல்லாத டயர் பூட்டும் வழக்கம் உலகெங்கும் 1970களில் பரவியது. அதே கார், மழை வந்தால் உடனே நின்று, பள்ளம் வெட்டிய டயரை மாற்றிக்கொண்டுதான் ஓடவேண்டும். ஆக, டயரில் பள்ளங்கள் இருப்பது முதன்மையாகச் சாலையைப் பற்றுவதற்காக அன்று, நீருக்கு வழிவிடுவதற்காகவே. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஈரத்தில் வழுக்கிய மொட்டை டயருக்கு முதலில் கிடைத்த மருந்து முரட்டு மருந்து. 1905இல் மிஷலின் நிறுவனம் தோல் உறையில் எஃகு ஆணிகளைப் பதித்த டயரை விற்றது. செருப்புக்கு லாடம் அடித்தது போன்ற ஏற்பாடு. இதற்குச் சற்று முன், 1904இல், ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் இரப்பரிலேயே வடிவம் செதுக்கிய கார் டயரைக் கொண்டுவந்தது. 1908இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் செய்த வேலை வேடிக்கையானது. 'ஃபயர்ஸ்டோன் நான் ஸ்கிட்' என்னும் சொற்களையே சாய்வான எழுத்துகளாக டயரின் முகத்தில் வார்த்துவிட்டார்கள். 'நான் ஸ்கிட்' என்றால் வழுக்காதது. எழுத்துகளின் இடைவெளிகளே பள்ளங்கள். டயரும் ஆயிற்று, போகிற வழியெல்லாம் விளம்பரமும் ஆயிற்று!

நிறம் மாறிய கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1904இல் லண்டனை அடுத்த சில்வர்டவுன் ஆலையில் மோட் என்ற வேதியியலார், இரப்பரோடு புகைக்கரியைச் சேர்த்தால் அதன் வலிமை பன்மடங்கு கூடுவதைக் கண்டார். அடுத்த பத்தாண்டுகளில் டயர்கள் கறுத்தன. இன்றும் டயரின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புகைக்கரிதான்.

பள்ளங்களுக்கிடையே நிற்கும் இரப்பர்க் கட்டிகளின்மேல் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய கோடுகளையும் நீங்கள் பார்த்திருக்கலாம். இதற்கு 1923இல் உரிமம் பெற்றவர் ஜான் சைப் என்ற அமெரிக்கர். இறைச்சிக் கூடத்தில் வேலை செய்த அவர், ஈரத் தரையில் வழுக்கி விழாமலிருக்கத் தம் காலணியின் அடியில் கத்தியால் கீறிக்கொண்டார் என்றும், அதிலிருந்தே இந்த யோசனை பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. பெரிய பள்ளம் வெள்ளத்தை வெளியேற்றும் வாய்க்கால். சைப்பின் கீறல் கடைசியாக எஞ்சும் மெல்லிய நீர்ப் படலத்தைத் துடைக்கும் துணி.

நம் பஞ்சர் கடைக்காரர்கள் இந்த இரப்பர்க் கட்டிகளைப் 'பட்டன்' என்கிறார்கள். டயருக்கு நாம் உண்டாக்கிய தமிழ்ச் சொற்கள் எதுவும் ஊன்றவில்லை. யாரும் உண்டாக்காமல் தானே முளைத்த இந்தச் சொல்லோ தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. இனி நாமும் பட்டன் என்றே சொல்வோம்.

தவளைக்கல்லும் விமானமும்

கண்மாய்க் கரையில் நின்று ஓட்டாஞ்சில்லைத் தண்ணீர்மேல் கிடையாக வீசித் தவளை விட்டிருப்பீர்கள். வேகமாக வீசினால் சில்லு தத்தித் தத்திச் செல்லும்; மெதுவாகப் போட்டால் முழுகிவிடும். ஓடு கனமானதுதான்; நீரில் மிதக்காதுதான். ஆனாலும் வேகமாகப் போகும்போது விலகிச் செல்ல நீருக்கு நேரம் கிடைப்பதில்லை. விலக முடியாத நீர் ஓட்டைத் தூக்குகிறது.

டயருக்கும் இதுவேதான். நம் 12 சென்டிமீட்டர்ச் சதுரத்தை மறுபடி எடுத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 22 மீட்டர். அந்த வேகத்தில் டயரின் ஒரு புள்ளி சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு விநாடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. சாலையில் 3 மில்லிமீட்டர் நீர் நின்றால், ஒவ்வொரு டயரும் விநாடிக்கு 8 லிட்டர் நீரை அப்புறப்படுத்தியாக வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு குடம்! முடியவில்லை என்றால், நீர் ஆப்பைப் போல் டயரின் முன்பக்கம் நுழைந்து, அதைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது.

இந்த உண்மையைத் துலக்கியவர்கள் மோட்டார் பொறியாளர்களைவிட விமான ஆராய்ச்சியாளர்களே எனலாம். ஜெட் விமானங்கள் வந்தபின் தரையிறங்கும் வேகம் கூடியது. ஈர ஓடுதளங்களில் விமானங்கள் நிற்காமல் ஓடிச் சென்று விபத்துக்குள்ளாயின. அமெரிக்காவில் லாங்லி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விந்தையான காட்சியைக் கண்டார்கள். நீர் படிந்த தளத்தின்மேல் வேகம் கூடக் கூட, உருண்டுகொண்டிருந்த டயர் பிரேக் போடாமலேயே சுழற்சி குறைந்து நின்றுவிட்டது! அடியில் தரையே இல்லாததுபோல் அது நீர்மேல் சறுக்கிச் சென்றது. வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் என்ற இருவரும் 1963இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார்கள். பட்டன்களின் பள்ளங்கள் நிரம்பி வழியும் அளவுக்கு நீர் இருந்தால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம் அளவையில் சொன்னால், காற்றழுத்தப் பவுண்டின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும்.

காரணம் கடினமானதன்று. ஓடும் நீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அது டயரின் காற்றழுத்தத்துக்கு ஈடாகும்போது டயர் தோற்றுவிடுகிறது. காற்று 30 பவுண்டு இருந்தால் மணிக்கு 91 கிலோமீட்டரில் மிதக்கும். கவனிக்காமல் விட்டு 20 பவுண்டாகக் குறைந்திருந்தால் 75 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். காற்று பிடிப்பதற்குச் செலவாகும் ஐந்து நிமிடம் மணிக்கு 16 கிலோமீட்டருக்குச் சமம். இதற்காக அளவுக்கு மீறிக் காற்றடைப்பதும் தவறு, உள்ளங்கை சுருங்கிவிடும். காரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு.

லாரிகளில் 100 பவுண்டு அளவுக்குக் காற்று இருப்பதால் அவை மிதக்கவே மாட்டா என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1980களில் இதே ஹார்ன் அதையும் திருத்தினார். சரக்கில்லாத லாரியின் டயர் சாலையைத் தொடும் பரப்பு நீளத்தில் குறுகி, அகலத்தில் அப்படியே இருக்கிறது. அகன்று குறுகிய அந்தப் பரப்பு எளிதில் மிதந்துவிடும். துறைமுகத்தில் சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக விரைந்து திரும்பும் லாரியே மழையில் அதிக அபாயத்துக்கு உரியது என்பது இதனால் விளங்கும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் எந்த டயரும் உதவாது. வண்டியை எடுக்காமலிருப்பதே வழி. நாம் பேசுவது சில மில்லிமீட்டர் நீரைப் பற்றி.

தயங்கும் இரப்பர்

நீரை வெளியேற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததா? இல்லை. வெளியேற்றிய பிறகும் மிக மெல்லிய படலம் ஒன்று சாலையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நெடுநாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையில் அதனோடு எண்ணெயும் தூசியும் சேர்ந்துகொள்ளும். வறண்ட தரையில் இரப்பர் கல்லோடு ஒட்டிக்கொண்டு பிடிக்கிறது. இந்தப் படலம் அந்த ஒட்டுதலைக் கெடுத்துவிடுகிறது. பின் எஞ்சியிருக்கும் பிடி எங்கிருந்து வருகிறது?

விடை சொன்னவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் டேபர். காந்தவியல் பாடத்தில் 'தயக்கம்' என்று படித்திருப்பீர்கள். காந்தப்படுத்திய இரும்பு, காந்தப்புலம் விலகிய பின்னும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் தயங்குகிறது. இரப்பருக்கும் அத்தகைய தயக்கம் உண்டு. இயற்கை இரப்பர்ப் பந்தைத் தரையில் போட்டால் துள்ளி எழும். அதற்குத் தயக்கம் குறைவு. ட்யூப் செய்யப் பயன்படும் பியூட்டைல் இரப்பரால் கெட்டிப் பந்து செய்து போட்டால் சாணி உருண்டைபோல் பொத்தென்று கிடக்கும். அதற்குத் தயக்கம் மிகுதி.

சாலைக் கல்லின் சிறு முனை ஒன்றின்மேல் டயர் சறுக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முனையின் முன்சரிவில் இரப்பர் நசுங்கி எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. பின்சரிவில் இரப்பர் விரிந்து கல்லை உந்துகிறது. அந்த உந்தல் வண்டியை முன்னுக்குத் தள்ளுகிறது. துள்ளும் இரப்பரில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒன்றை ஒன்று அடித்துவிடும். தயங்கும் இரப்பரோ பின்சரிவில் சோம்பேறித்தனமாக விரிகிறது, உந்தல் குறைவு. மிச்சம் நிற்பது பின்னிழுப்பு, அதாவது பிடி. இடையில் நீர்ப் படலம் இருந்தாலும் கல்லின் முனை இரப்பருக்குள் குத்தத்தானே செய்கிறது? ஆகவே ஈரத்திலும் இந்தப் பிடி நிற்கும். 1950களில் டேபர் இதை நிறுவினார். 1958இல் இங்கிலாந்துச் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த கைல்ஸ், பார்பரா சேபி ஆகியோருடன் சேர்ந்து உண்மையான டயர், உண்மையான சாலைகளைக் கொண்டு இதை வெளியிட்டார். துள்ளாத இரப்பரே மழைக்கு நல்ல இரப்பர் என்பது யாரும் எதிர்பாராத முடிவு. இரண்டாம் உலகப் போரின்போது தட்டுப்பாட்டால் பெருக்கப்பட்ட ஸ்டைரீன்–பியூட்டாடையீன் செயற்கை இரப்பர், போர் முடிந்த பின்னும் கார் டயரின் மேற்பரப்பில் நிலைத்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். தயங்கும் இரப்பர் உருளும்போதெல்லாம் ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கும். பெட்ரோல் செலவு கூடும். மென்மையான இரப்பர் விரைவில் தேயவும் தேயும். கடையில் நாம் கேட்கும் கேள்வி என்ன? "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். "ஈரத்தில் எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேட்பவர் அரிது. நெடுந்தூரம் ஓடும் டயரையே விரும்பும் சந்தைக்குக் கெட்டியான இரப்பரே வந்து சேரும். உராய்வுக் கெழு 0.8 ஆக இருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் போட்டபின் 31 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் 63 மீட்டர். மொட்டை டயரால் 0.2க்கு இறங்கினால் 126 மீட்டர். இந்த வேற்றுமைக்குள் ஒரு பள்ளிக்கூட வாசலும் அதைக் கடக்கும் பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள்.

சிக்கலை ஓரளவு அவிழ்த்தது மணல். மணலின் வேதிப்பொருளான சிலிக்காவை மிக நுண்ணிய தூளாகச் செய்து, புகைக்கரியின் பெரும்பகுதிக்கு மாற்றாகக் கலக்கும் முறைக்கு மிஷலின் நிறுவனத்தின் ரோலான் ரோலின் 1991இல் உரிமம் பெற வழி செய்தார். அடுத்த ஆண்டே அத்தகைய டயர்கள் விற்பனைக்கு வந்தன. சிலிக்கா இயல்பாக நீரை விரும்பும், இரப்பரை விரும்பாது. இரண்டையும் கைகோக்கச் செய்யச் சிலேன் என்னும் சேர்மம் தரகராக நிற்கிறது. இதன் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், டயர் உருளும்போது நசுங்கி விரிவது விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. கல்லின் நுண்முனைகளில் சறுக்கும்போதோ விநாடிக்குப் பல்லாயிரம் முறை. சிலிக்கா டயர் முதலாவதில் குறைவாகத் தயங்குகிறது, இரண்டாவதில் மிகுதியாகத் தயங்குகிறது. எரிபொருளும் மிச்சம், ஈரப் பிடியும் கிடைக்கும்.

டயருக்குரிய சிலிக்காத் தூளைச் செய்யச் சோடியம் சிலிக்கேட் வேண்டும். அதைச் செய்ய மணலும் சோடா சாம்பலும் வேண்டும். சோடா சாம்பலுக்கு மூலம் சாதாரண உப்பு. தூத்துக்குடி உப்பளங்களைக் கடந்து செல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே 1980களில் உப்பிலிருந்து சோடா சாம்பல் செய்யும் ஆலை தொடங்கப்பட்டது. உப்பிலும் மணலிலும் இருந்து மழைக்கால டயர் வரை ஒரு சங்கிலி நீள்கிறது.

நம் நாட்டு டயர்

இந்தியாவில் டன்லப் நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டயர் ஆலை தொடங்கியது. தமிழ்நாட்டின் கதை பலூனில் தொடங்குகிறது! கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னை திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்தார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேற்பூச்சிடும் இரப்பரில் இறங்கினார். 1961இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில் உதவியோடு டயரையே செய்யத் தொடங்கினார். அதுவே எம்.ஆர்.எஃப். மேற்பூச்சு இரப்பர் முதலில் வந்ததும் டயர் பின்னால் வந்ததும் தற்செயலன்று. புது டயர் அரிய பொருளாக இருந்த நாடு இது; பழையதற்குப் புதுப் பட்டன் போடும் 'ரீபட்டன்' தொழில்தான் லாரிகளையும் பேருந்துகளையும் ஓட வைத்தது. நன்றாகச் செய்த ரீபட்டன் குறைந்ததன்று. ஆனாலும் முன்சக்கரத்துக்கு அதைப் போடாமல் புது டயரே போடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

அடுத்த மாற்றம் ரேடியல் டயர். உள்ளேயுள்ள நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாகப் பின்னாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும். மேலே எஃகுப் பட்டை இறுக்கிப் பிடிக்கும். இதனால் டயர் வளையும்போதும் பட்டன்கள் நெளிந்து மூடிக்கொள்வதில்லை. பள்ளங்கள் திறந்தே இருக்கின்றன. மிஷலின் 1946இல் உரிமம் பெற்ற இதனை, ஜே.கே. நிறுவனம் 1977இல் இந்தியாவில் கொண்டுவந்தது. கார்களில் இன்று இதுவே வழக்கம்.

கடையில் நிற்கும்போது

'உயர்திறன் கோடை டயர்' என்று விளம்பரங்களில் காணலாம். கோடை என்ற சொல்லைக் கண்டு மழைக்கு ஆகாது என்று எண்ணிவிடக் கூடாது. குளிர்நாடுகளில் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த இரப்பர் விறைத்துவிடுகிறது. அங்கே பனிக்கால டயர் என்று தனியே வைத்திருக்கிறார்கள். விளாத்திகுளத்தில் மார்கழி இரவிலும் அந்தக் குளிர் இல்லை. நமக்குத் தேவையானவை எல்லாம் அவர்கள் கணக்கில் கோடை டயர்கள்தாம்.

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 88எச் என்பது போன்ற குறி இருக்கும். 185 மில்லிமீட்டர் அகலம். அதில் நூற்றுக்கு 65 பங்கு பக்கவாட்டு உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 அங்குலச் சக்கரம். 88 என்பது 560 கிலோகிராம் தாங்கும் என்பதற்குக் குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். வி என்றால் 240. இந்த வேக எழுத்து வெப்பத்தைத் தாங்கும் திறனைக் காட்டுவது. ஈரப் பிடியைக் காட்டுவதன்று. அழகுக்காக மிக அகன்ற டயரை மாட்டுகிறவர்கள் முன்பு பார்த்த வெறும் லாரியின் கதையை நினைவில் கொள்ளட்டும். அதே சுமை, அதே காற்று என்றால் பரப்பும் அதேதான். அகலம் கூடினால் நீளம் குறையும். நீரைத் தள்ள நேரம் குறையும். அகன்ற டயர் வேண்டுமென்றால் சுற்றளவு நெடுக ஓடும் ஆழ்ந்த பள்ளங்கள் மூன்று, நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வெயிலில் பல ஆண்டு கிடந்த டயரில் பட்டன் முழுமையாக இருந்தாலும் இரப்பர் கெட்டியாகித் தயக்கத்தின் பயன் குறைந்திருக்கும்.

ஈரப் பிடியை ஓர் எழுத்தாக டயரில் ஒட்டி விற்கும் முறை ஐரோப்பாவில் 2012இல் வந்தது. நம் நாட்டில் 2022 ஜூனில் அரசு வெளியிட்ட விதிகளின்படி கார், பேருந்து, லாரி டயர்கள் ஈரப் பிடிக்கும் உருளும் தடைக்கும் ஒலிக்கும் வகுக்கப்பட்ட அளவுகளை எட்டவேண்டும். புது வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபர் முதலும், ஏற்கெனவே இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரல் முதல் படிப்படியாகவும் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தச் சோதனை புது டயருக்குத்தான். 8 மில்லிமீட்டர் பட்டனோடு தேறிய டயர் 2 மில்லிமீட்டராகத் தேய்ந்தபின் எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்கள் பொறுப்பு. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதற்கு மேல் ஓட்டக்கூடாது. சட்டத்தின் எல்லை வேறு, மழையின் எல்லை வேறு. 3 மில்லிமீட்டர் நீருக்கு 1.6 மில்லிமீட்டர் வாய்க்கால் எப்படிப் போதும்?

விளாத்திகுளம் கடைத்தெருவில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இரு சக்கர வண்டிகள். மேற்சொன்ன 2022 விதிகள் அவற்றுக்கு இல்லை. அவற்றின் டயர் படகின் அடிப்புறம்போல் வளைந்து, குறுகலாக இருப்பதால் நீரைக் கிழித்துச் செல்லும். நீர்மேல் மிதப்பது அரிது. அவற்றைக் கவிழ்ப்பது முதல் மழையின் எண்ணெய்ப் படலமும், சாலையில் போட்ட வெள்ளைப் பூச்சும், அதன்மேல் திடீரென்று பிடிக்கும் முன் பிரேக்கும்தான். அங்கே காப்பது தயங்கும் இரப்பர் மட்டுமே. விதிப்படி இரு சக்கர வண்டிக்குப் பட்டன் 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஐப்பசிக்கு முன் ஒரு நாள் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். முதலில் தேய்வது அந்த இடந்தான்.